நிபா: ஆளிடமிருந்து ஆளுக்கு எப்படித் தொற்றுகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேரளாவில் நிபா என்று டிவியில் சிவப்பு எழுத்து ஓடினால் போதும், மறுநாள் காலையிலிருந்து என் போனுக்கு ஓய்வே இருக்காது. நான் டாக்டர் இல்லை. கோவையில் ஒரு ஆஸ்பத்திரியில் பல வருஷம் வார்டு நர்ஸாக இருந்தவள். அதனால் சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், பழைய நோயாளிகளின் பிள்ளைகள் என்று எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். கேள்விகளும் வருஷா வருஷம் அதேதான். தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதி வைக்கிறேன்.

நிபா என்றால் என்ன? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது?

மலேசியாவில் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் சுங்கை நிபா என்று ஒரு ஊர். 1998-99-ல் அந்தப் பகுதிப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்துக் கொசு மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஊசி போட்டவர்களும் விழுந்தார்கள். கொசுவென்றால் குழந்தைகளையும் அக்கம்பக்கத்தாரையும் விட்டுவைக்குமா? இங்கே பன்றியைத் தொட்டு வேலை செய்த ஆண்களே அதிகம் படுத்தார்கள். 1999 மார்ச்சில் சுவா கா பிங் என்ற ஆய்வாளர் இது ஒரு புது வைரஸ் என்று கண்டுபிடித்தார். மலேசியாவில் 265 பேருக்கு வந்து 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள்.

வைரஸின் சொந்த வீடு பழந்தின்னி வௌவால். நம் ஊர் ஆலமரத்திலும் புளியமரத்திலும் கூட்டம் கூட்டமாகத் தலைகீழாகத் தொங்குமே, அந்தப் பெரிய வௌவால்தான். அதற்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. எச்சில், மூத்திரம் வழியாக அவ்வப்போது வைரஸை வெளியே விடும், அவ்வளவுதான்.

வௌவாலிடமிருந்து மனிதனுக்கு எப்படி வருகிறது?

ஊருக்கு ஊர் வழி வேறு. மலேசியாவில் வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிடமிருந்து ஆளுக்கு வந்தது. வங்கதேசத்தில் பன்றியே தேவைப்படவில்லை. அங்கே குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவி, பானை கட்டி, விடிகாலையில் சாற்றைப் பச்சையாகக் குடிப்பார்கள். ராத்திரி வௌவால் வந்து அந்தச் சீவிய இடத்தை நக்கும், பானையில் மூத்திரமும் பெய்யும். ராத்திரியில் படம் பிடிக்கும் கேமராவை மரத்தில் கட்டி இதைப் பார்த்தே உறுதி செய்தார்கள். 2001-லிருந்து அநேகமாக வருஷா வருஷம் அங்கே நிபா வருகிறது.

கேரளாவில் முதல் ஆளுக்கு எப்படி வந்தது என்பது மட்டும் கையில் பிடிபடவில்லை. 2018-ல் அந்தக் குடும்பத்தின் கிணற்றில் வௌவால் இருந்தது என்று பெரிய பேச்சு. பிடித்துப் பார்த்தால் அது பூச்சி தின்கிற சின்ன வௌவால், வைரஸ் இல்லை. அப்புறம் அந்தப் பகுதியின் பழந்தின்னி வௌவால்களைப் பிடித்துச் சோதித்தபோது சிலவற்றில் வைரஸ் இருந்தது.

சரி, ஆளிடமிருந்து ஆளுக்கு எப்படி?

எல்லோரும் வௌவாலைப் பற்றியே கேட்கிறார்கள். ஆனால் 2018-ல் கோழிக்கோட்டில் வௌவாலிடமிருந்து வாங்கியவர் என்று சொல்லத்தக்கவர் ஒரே ஒருவர். மீதிப் பேர் எல்லோரும் இன்னொரு மனிதரிடமிருந்து வாங்கியவர்கள்.

நோயாளியின் எச்சில், சளி, இருமல் தெறிப்பு, வாந்தி, மூத்திரம், ரத்தம் இவற்றில் வைரஸ் இருக்கும். அது இன்னொருவரின் மூக்கு, வாய், கண் வழியாக உள்ளே போக வேண்டும். நேராக முகத்தில் தெறித்தும் போகலாம், கையில் ஒட்டி அந்தக் கை முகத்துக்குப் போகும்போதும் போகலாம். நோயாளியின் துண்டு, தலையணை உறை, அவர் குடித்த டம்ளர் இவையும் வழிதான்.

இதில் எல்லாவற்றையும்விட முக்கியம் இருமலும் மூச்சுத்திணறலும். இந்த வைரஸ் நம் ரத்தக்குழாய்ச் சுவர்களிலும் நரம்புகளிலும் இருக்கிற ஒரு புரதத்தைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் நுழைகிறது. அதனால்தான் மூளையைத் தாக்குகிறது, சிலருக்கு நுரையீரலையும் தாக்குகிறது. மூளையோடு நின்றால் நோயாளி மயங்கிக் கிடப்பார், பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து குறைவு. நுரையீரலில் இறங்கினால் ஓயாத இருமல், நுரை நுரையாகச் சளி. அந்தக் கடைசி இரண்டு மூன்று நாளில் பக்கத்தில் யார் இருக்கிறார்களோ அவர்களுக்குத்தான் ஆபத்து.

பக்கத்தில் யார் இருப்பார்கள்? மனைவி, அம்மா, தம்பி, நர்ஸ், வார்டைக் கூட்டுகிற அக்கா. இந்த நோய் கூட்டத்தில் அலைந்து ஆளைப் பிடிப்பதில்லை, பணிவிடை செய்கிறவரைப் பிடிக்கிறது.

2018-ல் கோழிக்கோட்டில் என்னதான் நடந்தது?

பேராம்பிரா பக்கம் ஒரு இளைஞர். மே முதல் வாரத்தில் காய்ச்சலோடு தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்தார். மே மாதக் காய்ச்சலைப் பார்த்து யாருக்கும் நிபா நினைவு வராது, அதுவும் அதற்கு முன் கேரளா பார்த்தே இராத நோய். அங்கிருந்து கோழிக்கோடு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மே 5-ந் தேதி இறந்துபோனார். என்ன நோய் என்று தெரியாமலே முடிந்தது.

நடுவில் அவரை ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோனார்கள். அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை வாசலைப் பார்த்திருப்பீர்கள். ஸ்ட்ரெச்சர்கள் வரிசையாக நிற்கும். சுவரோரம் பெஞ்சில் இடம் கிடைக்காதவர்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கையில் பழைய எக்ஸ்ரே கவர், ஒருவர் கையில் டிரிப் பாட்டில். அந்த நடைபாதையில் அவர் இருமிக்கொண்டு கிடந்திருக்கிறார். அன்று அங்கே வேறு வேலையாக வந்து நின்றவர்கள், வேறு நோயாளிகளுக்குத் துணைக்கு வந்தவர்கள் இவர்களில் பலருக்குத் தொற்றியது. பின்னால் சங்கிலியைத் தேடிக்கொண்டு போனவர்கள் அந்த நடைபாதையில்தான் போய் நின்றார்கள். தாலுகா ஆஸ்பத்திரியிலும் தொற்றியது, வீட்டிலும் தொற்றியது.

இரண்டு வாரம் கழித்து அவருடைய அண்ணன், அப்பா, அத்தை எல்லோரும் ஒன்றாகப் படுத்தபோதுதான் ஒரு தனியார் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குச் சந்தேகம் வந்தது. ஒரே வீட்டில் இத்தனை பேருக்கு மூளைக்காய்ச்சல் சாதாரணமாக வராது. மாதிரியை மணிபாலில் இருக்கும் வைரஸ் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள், புனே தேசிய வைராலஜி நிறுவனம் மே 20-ல் உறுதி செய்தது. சந்தேக மரணங்களையும் சேர்த்து 23 பேர், அதில் 21 பேர் இறந்தார்கள். சோதனையில் உறுதியானது 18 பேருக்கு. சந்தேகம் வந்தவுடன் மாதிரி அனுப்பிய அந்த டாக்டர்கள் இல்லாவிட்டால் இந்த எண்ணிக்கை எங்கே போயிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் அந்த முதல் நோயாளியைக் கவனித்தவர்களில் ஒருவர் லினி என்ற நர்ஸ். மே 21-ல் இறந்தார். இரண்டு சின்னப் பையன்கள். தனி அறையில் இருந்தபடி வெளிநாட்டில் வேலை பார்த்த கணவருக்கு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்த கடிதத்தை அப்போது எல்லாப் பத்திரிகைகளும் போட்டன. நாங்கள் நர்ஸுகள் அதை ஒருத்தருக்கொருத்தர் அனுப்பிக்கொண்டோம், அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை.

கொரோனா மாதிரி காற்றில் பரவுமா? பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்தால்?

கொரோனா மாதிரி இல்லை. கொரோனாவில் இருமல்கூட இல்லாமல் கடைக்குப் போய்வந்தவர் நாலு பேருக்குக் கொடுத்தார். நிபா ஆரம்பத்தில் காய்ச்சல், தலைவலி, உடம்புவலி என்று வரும்போது பரவுவது மிகக் குறைவு. நன்றாகப் பரப்பும் கட்டத்துக்கு வருவதற்குள் அந்த ஆளால் பஸ் ஏற முடியாது, எழுந்து நிற்கவே முடியாது.

ஆஸ்பத்திரிக்குள் மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. நெபுலைசர் வைப்பது, தொண்டையில் குழாய் போடுவது, சளி உறிஞ்சுவது போன்ற வேலைகளில் மிகச் சின்னத் துளிகள் காற்றில் கிளம்பும். அந்த வேலை செய்கிறவர்கள் என்-95 மாஸ்க், கண்ணாடி, கவுன் எல்லாம் போட்டே ஆக வேண்டும். பஸ்ஸில் யாரும் யாருக்கும் குழாய் போடப்போவதில்லை.

ஒரு நோயாளி எத்தனை பேருக்குக் கொடுப்பார்?

இதற்கு நல்ல கணக்கு வங்கதேசத்திலிருந்து இருக்கிறது. 2001 முதல் 2014 வரை அங்கே வந்த 248 நோயாளிகளை வைத்து ஓர் ஆய்வு 2019-ல் வந்தது. அதில் 82 பேர் இன்னொரு மனிதரிடமிருந்து வாங்கியவர்கள். மூன்று நோயாளிகள் சேர்ந்தால்தான் புதிதாக ஒருவருக்குத் தொற்றுகிறது என்று கணக்கு. ஒரு நோயாளி சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுக்கிறார் என்ற இந்த எண் ஒன்றுக்குக் கீழே இருந்தால் சங்கிலி தானாகவே அறுந்துபோகும். நிபா இதுவரை உலகத்தைச் சுற்றாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் சராசரியை நம்பிக் காலை நீட்டிவிடாதீர்கள். அதே ஆய்வில் 45 வயதுக்கு மேற்பட்ட, மூச்சுத்திணறல் வந்த நோயாளிகளுக்கு இந்த எண் 1.1. மூச்சுத்திணறல் வராதவர்கள் பரப்பியது மற்றவர்கள் பரப்பியதில் இருபதில் ஒரு பங்குதான். அதாவது பெரும்பாலானவர்கள் யாருக்கும் கொடுப்பதில்லை, யாரோ ஒருவர் ஒரேயடியாகப் பலருக்குக் கொடுத்துவிடுகிறார். கோழிக்கோட்டில் முதல் ஆள் அப்படிப்பட்டவர். அவருக்கு 45 வயதுகூட ஆகவில்லை.

இன்னொரு விஷயமும் அதில் இருக்கிறது, எனக்கு மறக்காது. நோயாளிகளின் கணவன் அல்லது மனைவி 56 பேரில் 8 பேருக்குத் தொற்றியது. மற்ற நெருங்கிய சொந்தங்கள் 547 பேரில் 7 பேருக்கு மட்டுமே. ஒரே வீட்டுக்குள்தான் இத்தனை வித்தியாசம். யார் தலைமாட்டில் உட்கார்ந்தார்கள், யார் வாயைத் துடைத்தார்கள், எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. ஒரு மணி நேரத்துக்குள் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் 48 மணி நேரத்துக்கு மேல் கூடவே இருந்தவர்களுக்கு ஆபத்து பல மடங்கு.

அறிகுறியே இல்லாமல் ஒருவர் பரப்புவாரா?

அதே ஆய்வில் நோயாளிகளோடு பழகி, ஆனால் ஒன்றும் வராத 1863 பேருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்குக்கூடத் தொற்று வந்துபோன அடையாளம் இல்லை. எனவே கேரளாவிலிருந்து நல்ல உடம்போடு வருகிற மாப்பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைக்காதீர்கள். சிரிக்காதீர்கள், 2018-ல் எங்கள் தெருவிலேயே நடந்தது.

ஆஸ்பத்திரியில் ஏன் இவ்வளவு பரவுகிறது? அங்கேதானே பாதுகாப்பு இருக்க வேண்டும்?

இருக்க வேண்டும்தான். 2001-ல் மேற்கு வங்கத்துச் சிலிகுரியில் வந்தபோதும் இதே கதை. 66 பேருக்கு வந்தது, அதில் பெரும்பாலானவர்கள் ஆஸ்பத்திரி ஊழியர்கள் அல்லது நோயாளியைப் பார்க்க வந்தவர்கள். இது நிபா என்பது சில வருஷம் கழித்து, சேமித்து வைத்த மாதிரிகளைச் சோதித்தபோதுதான் தெரிந்தது.

காரணம் மிகச் சாதாரணமானது. பெயர் தெரிந்த பிறகு எல்லோரும் கவசம் போடுகிறார்கள், தொற்று நின்றுவிடுகிறது. பெயர் தெரியாத அந்த முதல் பத்து நாளில்தான் எல்லாம் நடந்துமுடிகிறது. இருமலோடு வருகிற எல்லோருக்கும் முதல் நாளே ஒரு மாஸ்க் கொடுத்து, கட்டிலுக்குக் கட்டில் ஒரு மீட்டர் விட்டு, ஒவ்வொருவரையும் தொட்ட பிறகு கை கழுவினால் பாதி முடிந்தது. கேட்க எளிது. நான் வேலை செய்த ஓர் இடத்தில் கையுறைப் பெட்டியைப் பீரோவில் பூட்டி வைத்திருப்பார்கள், சாவி ஸ்டோரில். ராத்திரி ஷிஃப்டுக்குப் பத்து ஜோடி. வார்டில் இருபத்துநாலு பேர். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குத் துணைக்கு இருக்கிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

உண்மையில் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான், கேட்பவர்கள்தான் குறைவு.

2018 ஜூன் முதல் வாரம், பாலக்காடு பக்கத்திலிருந்து ஒரு பெரியவரை எங்களிடம் கொண்டுவந்தார்கள். காய்ச்சல், இருமல், நினைவு தடுமாற்றம். எல்லோர் முகமும் மாறிவிட்டது. தனி அறையில் போட்டோம். மகன் கூடவே இருந்தான், இருபத்தைந்து வயது இருக்கும். நான் உள்ளே போகும்போது பார்க்கிறேன், தோளில் கிடந்த ஈரிழைத் துண்டால் அப்பாவின் வாயோரச் சளியைத் துடைத்துவிட்டு, அதே துண்டைத் திரும்பத் தோளில் போட்டுக்கொண்டு, அவர் தின்ன முடியாமல் வைத்திருந்த பாதி இட்லியை வாயில் போட்டுக்கொண்டான். வீணாகிவிடுமே என்று. அவனை எப்படித் திட்டுவது? நம் வீடுகளில் அதற்குப் பெயர் பாசம். அப்பா மிச்சம் வைத்ததைத் தின்ன அருவருப்புப்பட்டால்தான் பேச்சு வாங்க வேண்டியிருக்கும். (பெரியவருக்கு நிபா இல்லை, நிமோனியா. பத்து நாளில் வீட்டுக்குப் போனார்.)

அந்தத் துண்டும் இட்லியும்தான் வங்கதேசத்தில் ஊர் ஊராகப் பரவ வைத்தவை. அங்கேயும் நோயாளியின் மிச்சத்தைச் சாப்பிடுவதும் ஒரே பாயில் படுத்துக்கொள்வதும் வழக்கம். 2004-ல் ஃபரித்பூரில் ஒரு மதப் பெரியவருக்கு நோய் வந்தபோது, பார்க்க வந்த சீடர்கள் வழியாகச் சங்கிலி நீண்டது. அந்த ஒரு பரவலில் 36 பேருக்கு வந்து 27 பேர் இறந்தார்கள்.

என்ன செய்யலாம் என்றால், கூடவே ஒரே ஆள் இருங்கள், மாறி மாறி நாலு பேர் வேண்டாம். மாஸ்க் போடுங்கள், முடிந்தால் நோயாளிக்கும் போடுங்கள். முகத்துக்கு நேராகக் குனிந்து பேச வேண்டாம், பக்கவாட்டில் நில்லுங்கள். சளி துடைக்கத் துணி வேண்டாம், டிஷ்யூவோ பஞ்சோ எடுத்துத் துடைத்துத் தனிக் கவரில் போடுங்கள். கையுறை கேட்டு வாங்குங்கள், கொடுக்காவிட்டால் சத்தம் போட்டுக் கேளுங்கள், நர்ஸுக்குக் கோபம் வந்தால் வரட்டும். அவர் தட்டு, டம்ளர் அவருக்கு மட்டும். கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கிற வழக்கத்தை விடுங்கள், தள்ளிப் படுங்கள். ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். இந்த வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை இருக்கிறது, அது சாதாரணச் சோப்புக்கே தாங்காது, கரைந்துவிடும். அவருடைய போர்வை, துணியை உதறாமல் சுருட்டி, சுடுதண்ணீரில் சோப்புப் போட்டு ஊற வையுங்கள்.

இறந்தவர் உடலிலிருந்து தொற்றுமா?

தொற்றும். உடலைக் குளிப்பாட்டுவது, வாயில் அரிசி போடுவது, கட்டிப்பிடித்து அழுவது இவற்றில்தான் ஆபத்து. அதனால்தான் கோழிக்கோட்டில் உடல்களை மூடிய பையில் வைத்து எரித்தார்கள் அல்லது ஆழமாகத் தோண்டிப் புதைத்தார்கள். பயந்துபோய் மயான ஊழியர்களே விலகிக்கொண்ட நேரத்தில் மாநகராட்சி சுகாதார அதிகாரி டாக்டர் கோபகுமார் நின்று பல உடல்களுக்குத் தானே இறுதிச் சடங்கு செய்தார். கவசம் போட்டு மூடிய பையைக் கையாண்டால் ஒன்றும் ஆகாது, எரித்த சாம்பலில் ஒன்றும் மிஞ்சாது. அஸ்தி வாங்கத் தயங்க வேண்டாம்.

21 நாள் தனிமை, 42 நாள் என்றெல்லாம் சொல்கிறார்களே?

தொற்று உள்ளே போனதிலிருந்து நோய் வெளியே தெரிய வழக்கமாக 4 முதல் 14 நாள். கோழிக்கோட்டில் 6 முதல் 14 நாளுக்குள் வந்தது. கொஞ்சம் கூடுதலாகவே வைத்து 21 நாள் கண்காணிக்கிறார்கள். அதை இரண்டால் பெருக்கினால் 42. கடைசி நோயாளிக்குப் பிறகு 42 நாள் புதிதாக யாரும் வராவிட்டால் பரவல் முடிந்தது என்று அறிவிக்கலாம்.

தொடர்பில் இருந்தவர்களைத் தேடுவது லேசான வேலை இல்லை. 2018-ல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பட்டியல் போட்டுத் தினமும் போனில் கூப்பிட்டுக் காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார்கள். பின்னால் வந்த பரவல்களில் நோயாளி எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்தக் கடையில், எந்த ஆஸ்பத்திரி ஓ.பி.யில் இருந்தார் என்று ரூட் மேப் போட்டு வெளியிட்டார்கள். அதைப் பார்த்து மக்களே வந்து, நானும் அங்கே இருந்தேன் என்று சொன்னார்கள்.

2018-க்குப் பிறகும் வந்ததே? அப்போது ஏன் அவ்வளவு பேர் இறக்கவில்லை?

2019-ல் எர்ணாகுளத்தில் ஒரு மாணவர், பிழைத்துக்கொண்டார், யாருக்கும் பரவவில்லை. 2021-ல் கோழிக்கோட்டில் 12 வயதுப் பையன், இறந்துபோனான், அவனிடமிருந்தும் யாருக்கும் பரவவில்லை. 2023-ல் மறுபடி கோழிக்கோடு, 6 பேருக்கு வந்து 2 பேர் இறந்தார்கள். அந்த 2023-ஐக் கவனியுங்கள். முதல் ஆள் ஆகஸ்ட் 30-ல் நிமோனியா என்ற பெயரில் இறந்தார். அவர் இருந்த அதே ஆஸ்பத்திரிக்கு வேறு நோயாளியோடு துணைக்கு வந்த ஒருவருக்குத் தொற்றி, அவரும் இறந்தார். மறுபடியும் ஆஸ்பத்திரி, மறுபடியும் துணைக்கு வந்தவர். ஆனால் செப்டம்பர் 12-க்குள் பெயர் தெரிந்துவிட்டது, முதல் ஆளின் 9 வயது மகன் உட்பட மீதி நாலு பேரும் சீக்கிரமே சிகிச்சைக்கு வந்து பிழைத்தார்கள். 2024-லும் 2025-லும் மலப்புறம் பக்கம் தனித்தனியாக வந்தது.

மருந்து, தடுப்பூசி இருக்கிறதா?

நிபாவுக்கென்றே உறுதியாக ஏற்கப்பட்ட மருந்து இல்லை. 2018-ல் ரிபாவிரின் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தைக் கொடுத்தார்கள், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்கும் புரதம்) மருந்தை வரவழைத்தார்கள், அது வந்தபோது அலை அடங்கத் தொடங்கியிருந்தது. மூச்சு, ரத்த அழுத்தம், மூளை வீக்கம் இவற்றைப் பார்த்துப் பார்த்துச் சமாளிப்பதே சிகிச்சை. தடுப்பூசி சோதனையில் இருக்கிறது, ஆக்ஸ்ஃபோர்டில் 2024 ஜனவரியில் மனிதர்களுக்குப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

பிழைத்து வந்தவரிடமிருந்து பரவுமா?

சோதனையில் வைரஸ் இல்லை என்று உறுதியான பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள், அதன் பிறகு அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம். ஆண்கள் சில வாரம் ஆணுறை விஷயத்தில் டாக்டர் சொல்வதைக் கேட்பது நல்லது, ஏனென்றால் 2018-ல் பிழைத்த ஒருவரின் விந்தில் சில வாரம் வைரஸின் தடயம் இருந்தது. மலேசியாவில் சிலருக்கு மாதங்கள், ஆண்டுகள் கழித்தும் மூளைக்காய்ச்சல் திரும்பியது, அதனால் தலைவலி, வலிப்பு என்றால் உடனே காட்ட வேண்டும். மற்றபடி பிழைத்தவரை ஒதுக்குவதில் எந்த அர்த்தமும் இல்லை.

பதநீர் குடிக்கலாமா? மாம்பழம், கோழிக்கறி?

கோழிக்கும் நிபாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, ஆனாலும் ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் கோழி வந்துவிடுகிறது.

பழத்தில் பல் பட்ட, நகம் கீறிய, பாதி தின்ற பழத்தைத் தூக்கிப் போடுங்கள், அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுச் சாப்பிடுவது வேண்டாம். கொய்யா மரத்தடியில் விழுந்து கிடப்பதைப் பொறுக்கித் தின்கிற பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். மற்றதைக் கழுவி, தோல் சீவிச் சாப்பிடலாம்.

பதநீர் விஷயம் கொஞ்சம் யோசிக்க வேண்டியது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவது புளிக்காமல் இருக்க, வௌவாலைத் தடுக்க இல்லை. வங்கதேசத்தில் மூங்கில் தட்டியை மரத்தில் சீவிய இடத்தைச் சுற்றிப் பாவாடை மாதிரி கட்டி வௌவாலைத் தடுக்கிறார்கள். பனையேறும் அண்ணன் கலயத்தை மூடிக் கட்டுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொதிக்க வைத்த பதநீர், கருப்பட்டி இவற்றில் பயமில்லை. தமிழ்நாட்டில் பதநீரால் நிபா வந்ததாக இதுவரை ஒரு பதிவும் இல்லை. ஆனால் தமிழ்நாடு, புதுச்சேரி வௌவால்களிலும் நிபாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருப்பதைப் புனே நிறுவனத்தின் ஆய்வு 2023-ல் சொன்னது. வைரஸ் கேரள எல்லையான வாளையாரோடு நின்றுவிடவில்லை என்று அர்த்தம்.

அப்படியென்றால் ஊர் மரத்து வௌவால்களை விரட்டிவிடலாமா?

கூடாது. மரத்தை வெட்டினாலோ வெடி போட்டாலோ அவை கலைந்து நாலு ஊருக்குப் போகும், பசியிலும் பயத்திலும் வைரஸை இன்னும் அதிகமாக வெளியேற்றக்கூடும். தமிழ்நாட்டில் சில கிராமங்களில் வௌவால் மிரளும் என்று தீபாவளிக்கே பட்டாசு வெடிப்பதில்லை, அவர்களுக்கு இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆஸ்துமாவுக்கு நல்லது என்று வௌவால் கறி தேடிப் போகிறவர்கள்தான் திருந்த வேண்டும். அதனால் ஆஸ்துமா போகாது. பிடிக்கும்போது கடி, கீறல், மூத்திரம் எல்லாம் மேலே படும்.

அடுத்த வாரம் கோழிக்கோட்டில் கல்யாணம். போகலாமா?

நிபா செய்தி வரும்போதெல்லாம் வாளையாரிலும் நீலகிரி எல்லைகளிலும் சுகாதாரத் துறை ஆட்கள் நெற்றிக்கு நேரே கருவியை நீட்டிக் காய்ச்சல் பார்ப்பார்கள், இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுப் போங்கள். அரசு கட்டுப்பாட்டுப் பகுதி என்று அறிவித்த வார்டில் கல்யாண மண்டபம் இல்லையென்றால் தாராளமாகப் போகலாம், பிரியாணி சாப்பிடலாம். அப்படியே மருத்துவக் கல்லூரியில் படுத்திருக்கும் மாமாவையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று திட்டம் வைத்திருந்தால், அதை மட்டும் இந்த முறை போனில் முடித்துக்கொள்ளுங்கள்.